ஐந்தாம் குழு

முதல் குழுவுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டாவதற்கு வேர்ச்சாறு, கொஞ்சம்.
மூன்றாவதற்கு அதைவிடக் கூட.
நான்காவதற்கு, கம்பாலா ஆண்கள்
சம்பள நாளில் குடிக்கிற அளவு.

எலிகள் பொய் சொல்வதில்லை.
ஐம்பத்தாறாம் நாள் அவற்றை மயக்கி அறுத்து
மொச்சைக் கொட்டை அளவு விரையை எடைபோடுவேன்.
அதன் வால்சுருளைக் கத்தரித்து
வெதுவெதுப்பான உப்புநீரில் விட்டால்
புகை மாதிரிக் கலையும் விந்து.
கண்ணாடிச் சில்லில் இருபத்தைந்து கட்டம்,
ஐந்தை எண்ணினால் போதும்,
மீதியைப் பெருக்கல் சொல்லிவிடும்.
நீந்துவது. நெளிவது. சும்மா கிடப்பது.
பதினோரு வருடமாக இதுதான் என் சோறு.

டாக்சி நிலையத்தில் வாஸ்வா
முலொண்டோ வேரைக் கட்டுக் கட்டாக அடுக்கி
"இரும்பு, ஸ்ஸெபோ, இரும்பு" என்று கூவுவான்.
அவனுக்கு ஆறு பிள்ளைகள்.
அவனுடைய ஆய்வறிக்கை அவ்வளவுதான்.
நான்காம் குழுவுக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியும்.
பேராசிரியர் எழுதும்வரை
நான் வாய் திறக்கக் கூடாது.

வீட்டில் நாலுபேகா
தினமும் எமும்ப்வா கட்டியைக் கல்லில் இழைப்பாள்,
களிமண்ணும் மூலிகையும் பிசைந்து உலர்த்தியது.
மசாக்காவிலிருந்து என் அம்மா
வாரம் தவறாமல் பஸ்ஸில் அனுப்புகிறாள், மருமகளுக்கு.
மகனுக்கென்று
ஒரு இலைகூட வந்ததில்லை.
ஏழு வருடம்.
ஒப்பிட ஒரு குழு இல்லாமல்
ஒருத்திக்கு மட்டும் மருந்து.
இப்படி ஒரு ஆய்வை நான் கொண்டுபோனால்
முகத்தில் விட்டெறிவார்கள்.

நேற்று மின்சாரம் போய், வந்து,
எல்லோரும் கிளம்பிய பிறகு
கதவைத் தாழிட்டேன்.
விவரம் வேண்டாம். ஒரு சிறு குப்பி.

முதல் கட்டம் காலி.
இரண்டாவது காலி.
மூன்றாவதில் ஒன்று
வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது,
அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவன்
வாசலிலேயே தயங்குவது போல.
ஐந்தையும் எண்ணினேன்.
பிறகு விதியை மறந்து இருபத்தைந்தையும்.
விரல் நான்கில் நின்றுவிட்டது.
பக்கத்துக் கூண்டில்
தண்ணீர் மட்டும் குடித்தவன்
மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பழகிய கை பதிவேட்டில் எழுதியது:
குழு ஐந்து. விலங்கு ஒன்று.
எடை எழுபத்தொரு கிலோ.
கொடுத்த மருந்து: ஏதுமில்லை.
தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

வாஸ்வா கூப்பிட்டான். வேரில் செம்மண் ஈரம்.
நான் நின்றேன், அது உண்மை.
வாங்கவில்லை.

அவள் இழைத்து முடித்திருந்தாள்.
குவளையை உதட்டுக்குப் போகுமுன் பிடித்துக்கொண்டேன்.
தாளை நீட்டினேன்.
துணி வெட்டி விற்பவள், எண் படிப்பாள்.
"நாலா?"
"நாலு."
"நாலு ஆயிரமா?"
"நாலு."

ஜெனரேட்டர் ஒன்று தெருவில் இருமி அணைந்தது.
அவள் அழவில்லை, என்னைத் தொடவும் இல்லை.
கல்லை எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவினாள்,
ரொம்ப நேரம்,
சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.
பிறகு கேட்டாள்:
"உன் அம்மாவிடம்
நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?"

வெள்ளிக்கிழமை பஸ் வரும்.