கைநாட்டு

ரெஜைனாவில் பனி உருகி நான்காம் நாள்.
சாக்கடைக் குழாய் மாற்ற
ஒன்பதடி ஆழம்.
மனிதனுக்கு ஆறடி போதும் என்பார்கள்,
மூன்றடி கூடுதலாகவே தோண்டியிருந்தோம்.

காலையில் வாளி அள்ளியதில்
ஒரு கட்டி எடுத்துக்
கட்டைவிரலை அழுத்தினேன்.
என் வேலையே அதுதான்.
விரலை மறுத்தால், சுவரைச் சாய்த்து வெட்டினால் போதும்.
வெண்ணெயாக வழிவிட்டால்
காப்புப் பெட்டி இறங்காமல்
ஆள் இறங்கக் கூடாது.

நேற்று அது கெட்டி மண்.
படிவத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
இன்று நகம் தாண்டி உள்ளே போய்
ரேகை தெளிவாக விழுந்தது,
பேர் எழுதத் தெரியாதவள்
பத்திரத்தில் வைத்ததுபோல.
ஆனாலும் உடனே நிறுத்தவில்லை.
ஒரு கட்டிதானே என்று நினைத்தேன்.

பத்து நாற்பதுக்குக் கோதுமை ரயில்.
நூற்றுப் பதினான்கு பெட்டி என்றான் எமில்,
குழிக்குள் நின்று
சத்தத்தை வைத்தே எண்ணுவான்.
அது போன பிறகு
குவித்த மண்ணுக்கும் விளிம்புக்கும் நடுவே
தலைமயிர் அளவு ஒரு கோடு,
யாரோ நூல் பிடித்து வரைந்த மாதிரி.

ஏறு என்றேன்.
"ஃபிளாஸ்க் கீழே இருக்கு, ஒக்ஸானா."
இருக்கட்டும். ஏறு.
ஏணி நான்கு எட்டில் இருந்தது.
காலையில் நானே நடந்து அளந்த நான்கு எட்டு.

ஒப்பந்தக்காரர் போனில் கத்தினார்.
பெட்டி மூஸ் ஜாவில் கிடக்கிறது, நாளைதான் வரும்,
பதினொரு வீட்டில் கழிப்பறை ஓடவில்லை,
ஒரே ஒரு இணைப்பு, இருபது நிமிடம்,
கோட்டைப் பார்த்தா பயப்படுகிறாய்?

ஒரு கன மீட்டர் மண்
ஒரு காரின் எடை என்று
பயிற்சி வகுப்பில் வாய் வலிக்கச் சொல்பவள் நான்.
போனில் அது வரவில்லை.
முடியாது என்பது மட்டும் வந்தது, மூன்று முறை.

மதியம் மண் விழவில்லை.
மூன்று மணிக்கும் விழவில்லை.
டிரக் நிழலில் உட்கார்ந்து
நான்கு பேரும் கோட்டையே பார்த்தோம்.
அவர்கள் என்னைப் பார்க்கவில்லை,
அது தெரிந்தது.
விழுந்துவிடேன் என்று
ஒரு கணம் மண்ணிடம் வேண்டிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குப் படிவம்.
சம்பவம்: இல்லை.
காயம்: இல்லை.
இழந்த நேரம் என்ற கட்டத்தில் மட்டும்
எழுத நிறைய இருந்தது.

மறுநாள் பெட்டி இறங்கியது. எமில் இறங்கினான்.
சுவர் நின்ற இடத்திலேயே நின்றது,
கோடு மட்டும் சுண்டுவிரல் அகலம்.
ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்து
"இன்னும் சூடா இருக்கு" என்றான்.
பொய்.
நல்ல ஃபிளாஸ்க் என்றேன்.