களியக்காவிளையில் கணக்கு முடித்தது

களியக்காவிளை தாண்டியதும்
வேனை ஓரங்கட்டச் சொன்னார் கிறிஸ்துதாஸ் அண்ணன்.
இந்தப் பக்கம் டீசல் விலை குறைவு.
பதினொரு பேர் இறங்கினோம்.
பதினொரு சாயா, ஏழு பழம்பொரி.
யார் கொடுப்பது என்று
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நோட்டு என்னிடம்.
குழித்துறை கூட்டுறவு சங்கத்தில்
நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவள் என்பதால்
குடும்பத்தின் சில்லறையும் என் தலையில்.

மாமாவுக்கு எழுபத்தைந்து.
கொச்சியிலிருந்து மூன்று இரவு, கப்பல்.
எட்டாம் தளத்தில் பால்கனி வைத்த அறை அண்ணனுக்கு.
ஐந்தில் வட்டக் கண்ணாடி, மஸ்கட் ஷைனிக்கு.
மூன்றில் நாங்கள்:
ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை,
விலக்கினால் சுவர்.
மாமாவின் டிக்கெட்டை மட்டும்
மூன்று சம பங்காகப் போட்டோம்.
சமம் எவ்வளவு கனம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மழையில் பால்வெட்டு நின்று ஐம்பது நாள்.
நாங்கள் வரவில்லை என்று
ஞானசிகாமணி சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
ஐம்பதாயிரம் சீட்டை நான் தள்ளி எடுத்தேன்,
கைக்கு வந்தது முப்பத்தெட்டு.
"உனக்குள்ளதையும் நான் போட்டுக்கிடுதேன்" என்ற அண்ணனுக்கு
இவர் சொன்ன பதிலை
இந்த நோட்டில் எழுத முடியாது.

கப்பலில் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்று.
அதனால் தட்டு ஏந்தி நிற்கும்போது ஒரே குடும்பம்.
அப்புறம் லிஃப்ட்.
அவரவர் எண்ணை அவரவர் அமுக்கினோம்.
எட்டுக்கு ஓடிப்போய் வந்த ஜெபின் கேட்டான்:
"அம்மா, நம்ம ரூம்ல கடல் எந்தப் பக்கம்?"
ஞானசிகாமணி தரையைக் காட்டினார்.

இரண்டாம் இரவு காற்று.
பதினொன்றரைக்குக் கதவைத் தட்டும் சத்தம்.
டெல்பின் மைனி, நைட்டியில்,
ஒரு கையில் தலையணை, ஒரு கையில் பிளாஸ்டிக் கவர்.
"மேல ஒரே ஆட்டம் எளா, குடல் வாய்க்கு வருது."
கப்பலின் அடிவயிற்றில் ஆட்டம் குறைவென்று
அறை துடைக்கிற பையன் சொன்னானாம்.
இவரும் ஜெபினும் மேலே போனார்கள்.
அப்பனும் மகனும் பால்கனிக் கதவைத் திறந்துபோட்டு
விடியும்வரை குறட்டை விட்டதாக
அண்ணன் இன்னும் புகார் சொல்கிறார்.

விளக்கணைத்தால் அந்த அறையில்
கண் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.
மைனியின் கவரைப் பிடித்துக்கொள்ளும்போது
அவள் மணிக்கட்டு என் கையில் இடித்தது.
எடைபோட்டுப் பழகிய விரல்.
கவரிங்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.
"நாலு வளையல். பாறசாலைல போய் வச்சேன்.
குழித்துறைல வச்சா உன் கவுண்டரு.
மூத்தவன் கீழ்த்தட்டுல படுத்தான்னு
ஒரு பேச்சு வந்திரப்பிடாதுல்லா."

என்ன வட்டி என்று கேட்டேன்.
எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.
எங்கள் வட்டியைவிட நாலு கூடுதல்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது,
பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.
அப்புறம் தூக்கம் வரவில்லை.
எஞ்சின் அடித்துக்கொண்டே இருந்தது.
மைனி நன்றாகத் தூங்கினாள்.

சாயா ஆறுகிறது.
நோட்டைத் திறந்து வாசிக்கிறேன்.
வேன் வாடகை, டிரைவர் பேட்டா,
கொச்சியில் ஷைனி வாங்கிய இருமல் மருந்து,
யாரும் ஒத்துக்கொள்ளாத இரண்டு ஐஸ்கிரீம்.
நானூற்றுப் பத்து ரூபாய் இடிக்கிறது.
"அதை என் பேர்ல எழுது" என்கிறார் அண்ணன்,
கடை முழுக்கக் கேட்கிற குரலில்.
மைனி பழம்பொரியின் எண்ணெயைச்
செய்தித்தாளில் ஒற்றிக்கொண்டே இருக்கிறாள்,
ஒற்ற இனி எண்ணெய் இல்லை.

எழுதுவதுபோலப் பேனாவை அசைத்தேன்.
"டேலி ஆயிட்டு" என்றேன்.

சாயாவுக்கு யார் என்று நிமிர்ந்தால்
நாங்கள் கூட்டிக்கொண்டிருந்தபோதே
மாமா கொடுத்துவிட்டிருக்கிறார்.
மீதி வாங்க மறந்துபோய்
வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு
அடுத்த வருஷம் எங்கே என்று கேட்கிறார்.