விகுதி

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு குரல் பதிவுகள்.
குறுவை அறுப்பு முடிந்த கையோடு
எப்படி இருந்தது சொல்லுங்கள் என்று
நாங்களே கெஞ்சி வாங்கியவை.
அறுவடை வண்டி வாடகைக்கு விடும் கம்பெனி,
மன்னார்குடியில், உரக்கடை மாடி.
மூன்று மேசை, ஒரு மின்விசிறி, நான்.

ஏஐ கேட்டது. நான் டீ குடித்தேன்.
தவளைச் சத்தத்தை அதுவே கழித்துக்கொண்டது,
பின்னால் யாரோ யாரையோ திட்டியதையும்.
பதினோரு நிமிஷத்தில் திரையில் ஒரு மேகம்,
முழுக்கச் சொற்கள்.
அதிகம் பேர் சொன்னது பெரிசு,
கொஞ்சம் பேர் சொன்னது பொடிசு.

முதல் மேகத்தில் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
அண்ணே.
மற்றதெல்லாம் அதைச் சுற்றி எறும்பு.
பொருளில்லாத சொற்களை நீக்கட்டுமா என்றது.
நீக்கு என்றேன்.
அண்ணே போனது, சார் போனது,
‘நான் என்ன சொல்றேன்னா’ போனது.
‘சாமி சத்தியமா’வும் போனது;
அதற்குப் பொருளில்லை என்று
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

இரண்டாம் மேகத்தின் நடுவில்
பச்சையாக, பறங்கிக்காய் பருமனுக்கு:
வா.

முதலாளி குணசீலன் எழுந்தே நின்றுவிட்டார்.
“பாத்தியாம்மா, ஊரே கூப்புடுது.
சம்பாவுக்கு இன்னும் ரெண்டு வண்டி எடுத்துடலாம்.”
சுவர் அளவுக்கு அச்செடுக்கச் சொன்னார்.

நான் ஒரு பதிவைத் திறந்தேன், சும்மாதான்.
“வண்டி வரலண்ணே.”
இன்னொன்று. “வரேன்னாங்க. வரல.”
“மூணு நாளா வரலியே சார்.”
“வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க.”
“பெல்ட் வண்டி கேட்டா டயர் வண்டி வந்துச்சு,
சேத்துல எறங்குனது மேல வரமாட்டேங்குது.”

வரல, வராது, வரலியே
எல்லாவற்றின் வாலையும் ஒட்ட நறுக்கி
வேரைக் கழுவி
ஒரே குவியலாக அளந்திருக்கிறது.
நம் மொழியில் ‘இல்லை’
சொல்லின் கடைசி சீட்டில்தான் உட்கார்ந்திருக்கும்,
டிக்கெட் எடுக்காதவன் மாதிரி.
கண்டக்டர் பின்னால் வரை வர வேண்டும்.

விகுதியைத் தொடாதே என்றேன்.
இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டது.
மூன்றாம் மேகம்.
நடுவில் ‘வரல’, கறுப்பாக.
ஓரமாக சேறு, ஈரம், கொள்முதல், பதினேழு.
பதினேழு என்றால் என்ன என்று கேட்டது.
ஈரப்பதம், அதற்கு மேல் போனால்
நெல்லைத் திருப்பிவிடுவார்கள் என்றேன்.
குறித்துக்கொண்டது.

வலது மூலையில் ஒரு புள்ளி.
தூசி என்று துடைத்தேன், போகவில்லை.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
மொளச்சிட்டு.

ஒருவர், ஒரு தடவை சொன்னது.
கருவி அதை முடியாத சொல் என்று நினைத்திருக்கிறது.
முளைத்துவிட்டு, பிறகு? என்று
மீதிக்காகக் காத்திருந்திருக்கிறது,
வெட்டாமல், மூன்று மேகத்திலும்.
எங்கள் பக்கம் அது முடிந்த சொல்.
அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது.

பதிவு எழுநூற்று அறுபத்து நான்கு.
கோட்டூர் பக்கம், பக்கிரிசாமி. நாற்பது வினாடி.
முப்பது வினாடி மழை.
“கதுரோட மொளச்சிட்டுங்க.”
மறுபடி மழை.
“வச்சிடட்டுங்களா?”

முதலாளிக்கு மூன்றாவது படம் பிடிக்கவில்லை.
கலரையாவது மாத்தும்மா என்றார்.
மாற்றினேன். ‘வரல’ இப்போது மஞ்சள்.

சாயங்காலம் பக்கிரிசாமிக்கு போன் போட்டேன்.
என்ன சொல்ல என்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.
அவர் வேறு பேச்சே எடுக்கவில்லை.
“சம்பாவுக்கு இப்பவே சொல்லி வைக்கிறேம்மா.
பெல்ட் வண்டி. வருமா?”

வர
என்று தொடங்கிவிட்டேன்.
மிச்சம் நாக்கு நுனியில் நின்றது.
எதிர் மேசையில் குணசீலன்
படத்துக்குச் சட்டம் எந்த அளவு என்று
ஸ்கேலால் சுவரை அளந்துகொண்டிருந்தார்.