ஒன்பது நாள் துறைமுகம்

கப்பல் வரும் பக்கம் எது என்று
முதலில் முடிவு செய்யவேண்டியிருந்தது.
வரைபடத்தை இரண்டுமுறை திருப்பிப் பார்த்த நஞ்சப்ப மேஸ்திரி
மாம்பழக்கூழ் ஆலை இருக்கும் திசையில் கைநீட்டி
"அதுதான் கடல்" என்றார்.
யாரும் மறுக்கவில்லை.

பர்கூரிலிருந்து ஜெகதேவி போகும் சாலையில்
எங்கள் கிரானைட் பட்டறைக் களத்தில்
சிமெண்ட் இல்லாமல், வெறுமனே
கல்லோடு கல் நெருக்கி
ஒரு சொகுசுக் கப்பல் முனையத்தின் தரையை விரித்தோம்.
லாரி ஏறுமுன் ஒருமுறை
இங்கேயே முழுசாகப் பொருந்திக் காட்டவேண்டுமாம்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கல்.
ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதுவது என் வேலை.
நீலப் பெயிண்ட், அரை இஞ்சு பிரஷ்.

சுவர் கிடையாது. கூரை கிடையாது.
சாக்பீஸ் கோடுதான் வாசல்.
இது வருகை. இது புறப்பாடு.
இது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் இடம், ஆறு கவுண்டர்.
மூன்றாவது கவுண்டரில்தான் வேப்பமர நிழல் விழும்,
அதனால் அங்கே உட்கார்ந்து களி தின்றோம்.
ஷமீம் அக்கா என் உள்ளங்கையை இழுத்து
"நீ போகலாம்" என்று
நடுவில் ஊறுகாயை அப்பினாள்.
வாட்ச்மேனின் நாய்
புறப்பாட்டில் படுத்து
ஒன்பது நாளும் தூங்கியது.

ஈரக்கால் வழுக்கக்கூடாதென்று
வெளி நடைக்குப் பாலிஷ் வேண்டாம் என்றிருந்தார்கள்.
கைலாஷ் அந்தக் கற்களைக் காஸ் சுடரில் வாட்டினான்.
தீ ஊர்ந்த இடமெல்லாம்
தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல்
கல்லின் தோல் பொரிந்து தெறித்தது.
எங்களில் கடலைப் பார்த்தவன் அவன் ஒருவன்.
ஒடிசாவில் கஞ்சம் பக்கம்; அப்பாவுக்குப் படகு இருந்ததாம்.
கடல் எப்படியிருக்கும் என்று கேட்டேன்.
"சத்தம்" என்றான்.
அதற்குமேல் அவனுக்குத் தமிழில் சொல் இல்லையா
ஒடியாவிலேயே இல்லையா
கேட்கத் தோன்றவில்லை.

கூடத்தின் நடுவில் திசைகாட்டி மலர்,
கறுப்பு சிவப்பு வெள்ளையில் முப்பத்திரண்டு இதழ்.
எங்கள் களத்தில் அதன் வடக்கு
பெட்ரோல் பங்க்கைக் காட்டியது.
"போற இடத்துக்குப் போனா சரியாயிடும்" என்றார் மேஸ்திரி,
தறுதலைப் பிள்ளைக்குப் பெண் பார்க்கிறவர் குரலில்.

ஏழாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது.
தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியது.
மீதித் தரை நனைந்து
கல்லுக்குள் உறங்கிய ஊதா நெளிவெல்லாம் மேலே வர,
அந்த நேரம் பார்த்து
கூழ் ஆலையில் ஷிப்ட் முடியும் சங்கு.
நீளமாக.
நாங்கள் கொட்டகைக்கு ஓடினோம்.
கைலாஷ் மட்டும் விளிம்புவரை போய்
கடைசிக் கல்லில் நின்றான்.
அதைத் தாண்டிக் கால் வைக்கவில்லை.
முழுசாக நனைந்தபிறகு வந்து
சுடர்த்துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வைத்தான்.

எட்டாம் நாள் துறைமுகத்திலிருந்து பொறியாளர் வந்தார்.
ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டித் தட்டி நடந்தார்.
2260-இல் மஞ்சள் தூள் சிந்தியதுபோல் ஒரு கறை,
இரும்பு ஊறியது, மாற்றுங்கள் என்றார்.
ராத்திரியோடு வேறு கல் அறுத்து
அதே எண்ணை மறுபடி எழுதினேன்.
இரண்டு 2260 இருந்த அந்த ஒரு ராத்திரி
எனக்குக் கணக்கே ஓடவில்லை.

பிறகு கலைத்தோம்.
கடைசியில் வைத்தது முதலில் எழுந்தது.
மரச்சட்டம், தெர்மகோல், ஆணி.
வருகை மூன்று லாரி, புறப்பாடு இரண்டு.
திசைகாட்டி தனிப் பெட்டியில், வைக்கோல் போட்டு.
களத்தில் புழு வெளுத்த மண்ணும்
பிழைத்த சாக்பீஸ் கோடு கொஞ்சமும்.

அடுத்த ஆர்டர் சேலத்து ஆஸ்பத்திரிக்குச் சமையல் மேடை.
ஒன்று என்று எழுதத் தொடங்கினேன்.

பேச்சு மட்டும் எங்களிடம் ஒட்டிக்கொண்டது.
"வண்டியைக் கடல் பக்கம் திருப்பு" என்று
நேற்றுகூட மேஸ்திரி கத்தினார்.
திருப்பத்தூர்க்கார டிரைவர், வேலைக்குப் புதுசு,
"கடலா?" என்று
எஞ்சினை அணைத்து இறங்கி நின்று பார்த்தார்.
மாம்பழம் வேகும் வாசனை வந்தது.