தாலே

பைசாந்து இறைச்சி ஆலையில்
குளிர்அறைக்காரன் நான்.
வேலை முடிந்து வாசலுக்கு வந்தால்
தெருநாய்கள் என் பூட்ஸை முகர்ந்து
இவன் மாடுதான் என்று முடிவுகட்டும்.
அதில் ஒருத்தி வீடுவரை வந்தாள்.
துவெர்கா என்று பெயர் வைத்தேன்,
நட்டு என்று பொருள்.
போல்ட் தொலைந்த நட்டு.

முதலில் மூட்டைத் தீனிதான்.
பழுப்பு உருண்டைகள்,
பைமேல் சிரிக்கும் ஒரு லாப்ரடார்.
இவள் சிரிக்கவில்லை.
வாலடியில் முடி கொட்டியது,
சொறிந்த சொறியில் கட்டில்கால் ஆடியது.
"நீ வேலை பார்ப்பது எங்கே?" என்றார்
கால்நடை மருத்துவர் எதெல்மீரா,
கையுறையைக் கழற்றியபடி.
"ஆலையில்."
"அப்புறம் என்ன?"

அப்புறம்
மாட்டு நெஞ்சு, கழுவாத போட்டி,
ஓட்டோடு நொறுக்கிய முட்டை,
கோழிக்கழுத்து பச்சையாக.
ஈரல் திங்களன்று மட்டும், விரல் அகலம்.
சுவரொட்டி கிடைத்தால் அன்று திருவிழா.
வெந்த எலும்பு ஆகாது, ஊசியாகப் பிளக்கும்.
போட்டி நாற்றத்துக்குச் சாத்திய ஜன்னலை
பக்கத்து வீட்டு வில்சன்
ஆகஸ்டுவரை திறக்கவில்லை.
மூன்றாம் மாதம் துவெர்காவின் முதுகு
மழை நின்ற தார்ச்சாலை.

பிறகுதான் எனக்கு ஆசை வந்தது.
மூடிய கைக்குள் ஒரு துண்டு.
பாய்ந்தால் கை திறக்காது.
கையை விட்டு என் கண்ணைப் பார்த்தால் திறக்கும்.
பிறகு தரையில் தட்டு.
ஒரு நொடி, பத்து நொடி,
ஒரு குடுவை மாத்தே நான் குடித்து முடிக்கும்வரை.
கடைசியில் அந்தச் சொல்: தாலே.
எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான்.
ஓட்டு, சரி, வா, போ, சாப்பிடு,
போனை வைக்கிறேன்.
மூன்றே வாரம். வில்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜனவரி ஞாயிறு, தகரம் கொதிக்கும் மதியம்.
தட்டை வைத்தேன், அவள் உட்கார்ந்தாள்.
போன் அடித்தது.
சுல்மா. மொந்தேவிதேயோ போன இரண்டு வருடத்தில்
முதல்முறை.
"நாலு மணிப் பேருந்தில் வந்தாலும் வருவேன்."
சட்டைப் பொத்தானைத் தெருவில் போட்டேன்.

நாலு மணிப் பேருந்தில்
தூண்டிலோடு ஒரு கிழவர்,
கேக் பெட்டியை மடியைவிட்டு இறக்காத ஒருத்தி.
ஆறு மணியில் ராணுவப் பையன்கள்.
எட்டு மணியில் ஓட்டுநர் மட்டும்.
அவர் விளக்கை அணைத்தார்.
பத்து மணிக்கு இன்னொன்று உண்டா என்று கேட்டேன்.
இல்லை என்று எனக்கும் தெரியும்.

வீட்டில் இருட்டு.
சுவிட்சைத் தட்டினால்
வைத்த இடத்தில் தட்டு,
உட்கார்ந்த இடத்தில் அவள்.
நெஞ்சுக்கறி கறுத்து, விளிம்பு சுருண்டு,
சுவரிலிருந்து எறும்பு வரிசை.
முன்னங்காலுக்கிடையில் எச்சில் குளம்.
வால் ஒருமுறை தரையில் அடித்தது.
அவள் கறியைப் பார்க்கவில்லை.
என் வாயைப் பார்த்தாள்.

கொட்டிவிட்டுப் புதிதாக வெட்டி வைத்தேன்.
சொல்ல வேண்டியது ஒரு சொல்.
அது வர நேரமாயிற்று.
அதுவரை தரையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"எட்டு மணி நேரமா! வீடியோ எடுத்திருக்கலாமே,"
என்றான் வில்சன்.
அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

கற்றது போகவில்லை.
தட்டை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனால்
தட்டை விட்டுவிட்டு அவளும் முற்றத்துக்கு வருவாள்.
முதுகைத் திருப்பி நின்றேன்,
சுற்றி வந்து முகத்தைப் பார்த்தாள்.
தோட்டத்துப் புல்லில் துண்டுகளை வீசினேன்,
ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்தாள்.
பிப்ரவரி, மார்ச், குளிர்காலம் முழுக்க.
சுல்மா கூப்பிடவில்லை. நானும்.

இன்று அக்டோபர்.
மேசையில் இரண்டு சிறுநீரகம்,
கத்தியைத் தீட்டத் திரும்பினேன்.
திரும்பிப் பார்த்தால் ஒன்று.
மேசைக்கடியில் சப்பும் சத்தம்,
பாதி மூடிய கண்,
திருட்டுக் காது இரண்டும் பின்னால் ஒட்டி.

மூச்சுவிடாமல்
மற்றதையும் மேசை ஓரத்துக்கு
நகர்த்தி வைத்தேன்.