எவர்சில்வர் இல்லாத வீடு

மூணாவது ஊசிக்கு அப்புறம் ஒரு காலையில்
காப்பியை ஒரு வாய் வைத்துவிட்டு
"பைப்ப நக்குன மாதிரி இருக்கு" என்றாள் எஸ்தர்.

பைப்பை நக்கியதில்லை. ஆனாலும் தெரியும்.
காசிமேட்டில் பத்தொன்பது வருஷமாய்
போட்டுக்கு வெல்டிங் அடிக்கிறேன்.
ஜி.ஐ. தகடு பற்றவைக்கிற நாளில்
புகை தொண்டையில் இறங்கி
ராத்திரிச் சோறு வரைக்கும் கிடக்கும்,
ஒரு அசட்டுத் தித்திப்பு.
எனக்கு அது விடிந்தால் போய்விடும்.

ஸ்டான்லியில் நர்ஸம்மா சொன்னதை
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
எவர்சில்வர் கரண்டி வேணாம், பிளாஸ்டிக்.
சூடாக வேணாம், ஆறவைத்து. வாடை ஏறாது.
சாப்பாட்டுக்கு முன்னால்
தண்ணீரில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் ஆப்பசோடா,
கொப்புளித்துத் துப்ப.
கறி ஆகலைன்னா பருப்பு, முட்டை.
கட்டாயப்படுத்தாதே. (இதை ரெண்டு தடவை சொன்னார்.)

அன்று சாயங்காலமே
சீராய் வந்த தட்டு, சொம்பு,
அவள் பேரும் தேதியும் வெட்டின குண்டான்
எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப்
பரணில் ஏற்றினேன்.
கீழே மிஞ்சிய இரும்பு
கதவுத் தாழ்ப்பாள்தான்.

மீன் வாடை மாடிப்படி ஏறும் தெரு.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் குமட்டல்.
ஏலத்தில் சங்கரா செவுளைத் தூக்கி
ஒரே மோப்பத்தில் "நேத்து சரக்கு" என்று
கூடையைத் தள்ளிவிட்டவள்
முந்தானையில் மூக்கைப் புதைத்துப் புதைத்து எடுத்து
வாழையிலையில் மோர்ச்சோறு தின்கிறாள்.
ரெண்டு வாய்.
மூணாவது வாய்க்கு என்னைப் பார்க்கிறாள்.
நான் காலண்டரைப் பார்க்கிறேன்.

எலுமிச்சை ஒருநாள் எடுபட்டது,
மறுநாள் வாய்ப்புண்ணில் எரிந்தது.
பேரீச்சை மண். பருப்பு காகிதம்.
நெத்திலிக் கருவாடு அவளே கேட்டாள்;
சட்டி காய்வதற்குள் வாந்தி.
"அடுப்பு மேல ஏன் கோவப்படுற" என்றாள்
நான் சட்டியை இறக்கிய சத்தத்துக்கு.

மேல்வீட்டு பரீதா ஃபிரிட்ஜில் இடம் கொடுத்தாள்.
காய்ச்சி ஆறின தண்ணீரில் சர்க்கரை,
கொதியில் போட்டெடுத்த புதினா, ஒரு சிட்டிகை உப்பு.
டம்ளரில் ஊற்றி
டாக்டர் நாக்கை அழுத்திப் பார்ப்பாரே, அந்தக் குச்சி,
மருந்துக்கடையில் ஒன்று கேட்டு வாங்கிச் செருகி வைத்தேன்.

ஞாயிறு, கோயில் மணி அடித்து ஓய்வதற்குள்
ஐஸ் முழுசும் தீர்ந்திருந்தது.
குச்சியை விடவில்லை அவள்.
இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சப்பினாள்.
அதுல என்னா ருசி, என்றேன்.
யோசித்தாள்.
"குச்சி ருசி."

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில்
ஒரு பாக்கெட் வாங்கினேன். நூறு குச்சி.