அரைப்பேர்

அற்றோர்னித் தத்துவம் என்றால்
ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் ஒரு கடிதம்,
அப்படித்தான் அண்ணன் சொன்னான்.
ஹட்டனில், மருந்துக்கடை மாடியில்,
மழைக்கோட்டைக் கழற்றாமலேயே
இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட்டேன்.
கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"விளங்குதுங்களா ஐயா?" என்றார் நொத்தாரிசு.
அப்பா எழுந்து நின்றார்.
கழற்றுவதற்குத் தொப்பியைத் தேடினார்,
தலையில் இல்லை.
"சரிங்க தொரை."
"எல்லா அதிகாரத்தையும் ஒங்க மகனுக்கு..."
"சரிங்க தொரை."
முப்பத்தொன்பது வருசம் கணக்கப்பிள்ளை.
தொரை எதைக் கேட்டாலும்
வேறொரு பதில் அந்த வாயில் முளைத்ததில்லை.
நொத்தாரிசு சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம்.

பேனாவைக் கொடுத்தபோது
காதில் செருகிக்கொண்டார்.
லோகேஸ் அண்ணன் காத்திருக்கவில்லை.
அவர் பெருவிரலைப் பிடித்து
மையில் உருட்டித் தாளில் வைத்தான்.
"அசைக்காதீங்கப்பா."

அதே சொல்.
சம்பள நாளில், மேசைக்குப் பின்னாலிருந்து,
அப்பா எத்தனை பெண்களின் விரலைப் பிடித்திருப்பார்,
"அசைக்காத புள்ள" என்று.
கைநாட்டுக்காரர்களை அவருக்குப் பிடிக்காது.
வைத்திலிங்கம் என்று அவர் எழுதினால்
முதல் எழுத்தின் கொம்பு தும்பிக்கை போலச் சுருளும்.
என் தேர்ச்சி அறிக்கைகளில்
புள்ளிகளைவிட அதுதான் அழகு.

பிறகு
கொட்டகலை வீடு போனது, பன்னிரண்டு பேர்ச்.
சேமலாப நிதிக் காசு, நிலையான வைப்பு,
அம்மாவின் தோடு வைத்திருந்த லாக்கர்.
அண்ணனிடம் லொறி நின்றது.
எனக்கு ஒரு பிரிட்ஜ் வந்தது.
நான் கேட்கவில்லை.
திருப்பி அனுப்பவுமில்லை.

போனில் சத்தம் போட்டேன் ஒரு நாள்.
"ராத்திரி மூணு மணிக்கு சாரம் மாத்துறது யாரு?
பிஸ்கட்டும் கொண்டு வருசத்துல ரெண்டு தரம் வர்றவளுக்கு
கணக்கு வேணுமோ?
செலவுக்குக் கழிச்சிருக்கேன்."
அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை,
இப்போதும் இல்லை.

சித்திரை லீவில் அப்பாவை
அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஏன் என்று தெரியாது.
சுவருக்கு நீலம் அடித்திருந்தார்கள்.
அந்த வீட்டம்மா இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தாள்.
அப்பா சன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தார்,
தட்டிப் பார்த்தார்.
"நல்ல வீடு," என்றார். "யாரு கட்டினது?"
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கோப்பையைப் பார்த்தேன்.

அன்றிரவு செக்ரோல் கேட்டு அடம்.
பிள்ளைகளின் பழைய சீ.ஆர். கொப்பியைக் கொடுத்தேன்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"பேரு?"
சொன்னேன். அவர் வைத்த பேர்தான்.
எழுத்துக் கூட்டி எழுதினார்.
"கொழுந்து எத்தன கிலோ?"
"பதினெட்டு."
"ஈரம். ரெண்டு கழி."
"மழையில்லையேங்க."
"கழின்னா கழி. பதினாறு. அரைப்பேரு."

மடுவத்தில் இப்படித்தான்
வெயில் நாளிலும் கொழுந்தில் ஈரம் கண்டிருப்பார்.
கூடையை இறக்கியவர்கள் முகம் எப்படியிருந்திருக்கும்,
எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.
அந்தக் கிலோக்களில்தான்
நான் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு ஸ்கூலுக்குப் போனேன்.

பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டார்.
நடுக்கமில்லை.
கொம்பு சுருண்டு, ஒரு சுற்று கூடுதலாகச் சுருண்டு,
புள்ளியில் வந்து நின்றது.

பேனா காதுக்குப் போனது.
என் பெருவிரலைப் பிடித்தார்.
"மை இல்லைங்கப்பா" என்றேன்.
எச்சில் தொட்டு
அழுத்தினார்.